ஆரம்ப வேகம் அடங்கிய பிறகு: பெரிய இலக்கோடு இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலைக்குப் போய்க்கொண்டே முனைவர் பட்டம் முடிக்க நினைப்பவர், நடுவயதில் வயலின் கற்கத் தொடங்கியவர், முதல் மாரத்தானுக்குத் தயாராகிறவர், வருடக்கணக்காக ஒரு நாவலோடு மல்லுக்கட்டுகிறவர். இப்படிப்பட்டவர்களோடு தொடர்ந்து பேசி வருகிறேன். துறையும் வயதும் வேறு வேறு. சந்தேகங்கள் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

என்னோடது உண்மையிலேயே இலக்கா, இல்ல வெறும் ஆசையா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆசை நம்மிடம் எதையும் கேட்காது. இலக்கு கேட்கும்: தூக்கத்தில் கொஞ்சம், விடுமுறை நாளில் பாதி, நிறையப் பொறுமை. எதை விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் அது இலக்கு. முடியவில்லை என்றால் இப்போதைக்கு அது ஆசை. அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். எல்லா ஆசையையும் இலக்காக்கியே தீர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். முடிவில் கிடைக்கும் பெயர் பிடித்திருக்கிறதா, நடுவில் செய்ய வேண்டிய வேலை பிடித்திருக்கிறதா? எழுத்தாளர் என்று அழைக்கப்பட விரும்புகிறவர்கள் நிறையப் பேர். ஒரே பத்தியை நான்காவது முறை திருத்தும்போதும் அதில் ஒரு சிறு சுகம் காண்பவர்கள் கொஞ்சம் பேர்தான். வேலை முழுக்கப் பிடிக்க வேண்டும் என்றில்லை. அதில் ஏதாவது ஒரு பகுதியாவது பிடிக்க வேண்டும். அடியோடு வெறுக்கும் வேலையைப் பெயருக்காகப் பல வருடம் இழுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படுகிறது.

"என்னால் முடிந்ததைச் செய்கிறேன்" என்று வைத்துக்கொண்டால் போதாதா? எதற்கு அளவு, தேதி எல்லாம்?

போதாது. எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1960-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். "முடிந்ததைச் செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் அதிகம் சாதித்தார்கள். பல நாடுகளில், பல வகையான வேலைகளில் இதே முடிவு வந்திருக்கிறது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். "முடிந்தது" என்பதற்கு அளவே கிடையாது. களைப்பான நாளில் எவ்வளவு குறைவாகச் செய்தாலும் அன்றைக்கு முடிந்தது அவ்வளவுதான் என்று மனசு சமாதானம் சொல்லிவிடும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இன்னும் கைவராத வேலையில் ஆரம்பத்திலேயே விளைவை இலக்காக வைத்தால் பதற்றம்தான் மிஞ்சும். அந்தக் கட்டத்தில் கற்றலையே இலக்காக வையுங்கள். புதிதாக ஓடத் தொடங்கியவர் "4 மணி நேரத்தில் மாரத்தான்" என்று வைத்துக்கொள்வதைவிட, "மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் எனக்கு எது என்று கண்டுபிடிக்கிறேன்" என்று வைத்துக்கொள்வது நல்லது. நேரக்கணக்கு அப்புறம் வரட்டும்.

இலக்கை எழுதி வைத்தாலே நடந்துவிடும் என்கிறார்களே? ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் நிரூபித்தார்களாமே?

அந்தக் கதை எல்லோர் காதுக்கும் எட்டியிருக்கும். 1953-இல் ஏல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவர்களில் 3 சதவீதம் பேர் மட்டும் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம். 20 வருடம் கழித்துப் பார்த்தால் மற்ற 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தைவிட அவர்களிடம் அதிகம் இருந்ததாம். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்கு எந்தப் பதிவும் கிடைக்கவில்லை.

எழுதுவது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. எழுதும்போது மங்கலாக இருந்தது தெளிவாகும், அது நல்ல லாபம். ஆனால் உண்மையில் கைகொடுப்பது முதல் நாள் எழுதும் அந்த ஒரு வரியைவிட, அதற்குப் பிறகு வாராவாரம் எழுதும் கணக்கு. முன்னேற்றத்தை அடிக்கடி அளந்து பார்ப்பவர்கள் இலக்கை எட்டும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு கட்டுரை காட்டியது. மனசுக்குள் நினைத்துக்கொள்வதைவிட எங்காவது பதிந்து வைத்தால் பலன் இன்னும் அதிகம் என்றும் அதில் தெரிந்தது.

எனக்கு ஊக்கமே வர மாட்டேங்குது. வந்த பிறகு ஆரம்பிச்சா நல்லா செய்வேன்.

அதிகம் கேட்ட கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஊக்கம் வேலைக்கு முன்னால் வரும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான நாட்களில் அது வேலை தொடங்கிய பிறகுதான் வருகிறது. உட்கார்ந்து பத்து நிமிடம் ஆனால் கை தானாக ஓடத் தொடங்கும். அந்தப் பத்து நிமிடம் வரை தாக்குப்பிடிப்பதுதான் பாடு. அதனால் ஊக்கத்தை வரவழைக்கப் பார்க்காமல், தொடக்கத்தை எளிதாக்கப் பாருங்கள்.

வயலின் கற்கும் ஒருவர் வேலை முடிந்து வந்ததும் பயிற்சி செய்ய முடியவில்லை என்று நொந்துகொண்டிருந்தார். எங்கே தடை என்று சேர்ந்து பார்த்தோம். வாசிப்பதில் அவருக்குத் தடை இல்லை. பெட்டியை எடுக்க வேண்டும், திறக்க வேண்டும், வில்லை முறுக்க வேண்டும், ரோசின் என்ற பிசினை அதில் தடவ வேண்டும், சுதி சேர்க்க வேண்டும். களைத்த உடம்புக்கு இதை நினைத்தாலே அலுப்பு. சரி, சுதி சேர்ப்பது மட்டும்தான் தினசரி கடமை என்று வைத்துக்கொண்டார். சேர்த்து முடித்ததும் பெட்டியில் திரும்ப வைத்துவிடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சுதி சேர்ந்த வயலின் கையில் இருக்கும்போது வாசிக்காமல் யாரால் வைக்க முடியும்? சில நாட்கள் வைத்தார். பெரும்பாலான நாட்கள் வாசித்தார்.

உங்கள் இலக்கிலும் இப்படி ஒரு முதல் அசைவு இருக்கும்: காலணியின் கயிற்றைக் கட்டுவது, கோப்பைத் திறந்து நேற்று எழுதிய கடைசி வரியைப் படிப்பது. அதை மட்டும் கடமையாக வையுங்கள்.

எத்தனை நாள் செய்தால் பழக்கமாகும்? 21 நாளா?

அந்த 21-க்கு மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர். மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்கிற தன் கவனிப்பை அவர் 1960-இல் எழுதினார். "குறைந்தது" என்பது காலப்போக்கில் உதிர்ந்துபோய் 21 மட்டும் நின்றுவிட்டது.

அளந்து பார்த்த ஆய்வு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் செய்தது, 2010-இல் அச்சில் வந்தது. 96 பேர் ஆளுக்கொரு புதிய பழக்கத்தை எடுத்துக்கொண்டு 12 வாரம் தினமும் பதிவு செய்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர, நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. ஆளுக்கும் வேலைக்கும் ஏற்ப அது 18-இலிருந்து 254 வரை மாறும் என்று அந்தப் பதிவுகளின் போக்கை வைத்துக் கணித்தார்கள். தண்ணீர் குடிக்கும் பழக்கம் சீக்கிரம் ஒட்டும், உடற்பயிற்சி தாமதமாகும். இரண்டு மாதம் ஆகியும் இயல்பாக வரவில்லை என்றால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று நினைக்காதீர்கள்.

ஒரு நாள் விட்டுப்போச்சு. தொடர் அறுந்த பிறகு மனசே வரல.

மேலே சொன்ன அதே ஆய்வில் இதற்கும் பதில் உண்டு: ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. பாதிப்பது அந்த ஒரு நாளுக்குப் பிறகு வரும் "இனி என்ன இருக்கிறது" என்ற எண்ணம்தான். நாட்காட்டியில் தொடர்ந்து போட்டுவந்த குறிகள் ஓர் இடத்தில் அறுந்ததும் அதுவரை செய்ததெல்லாம் அழிந்த மாதிரி தோன்றும். வாசித்த விரல்களுக்கும் ஓடிய கால்களுக்கும் அந்தக் குறி தெரியாது.

விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். கடன் சேர்ந்துகொண்டே போனால் அந்தப் பக்கமே போகப் பிடிக்காது. ஓட்டப் பயிற்சியில் இது இன்னும் முக்கியம்: தவறவிட்ட நீண்ட ஓட்டத்தை அடுத்த ஓட்டத்தோடு சேர்த்து ஓடினால் காயம்தான் மிச்சம். அன்றைய வேலையை அன்றைக்கு உரிய அளவில் செய்யுங்கள். உடம்பு முடியாத நாளுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பதும் உதவும்.

எனக்கு மன உறுதி கம்மி. அதை எப்படி வளர்த்துக்கிறது?

மன உறுதி பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் ஒரு சேமிப்பு என்ற கருத்து 1998-க்குப் பிறகு மிகவும் பிரபலமாக இருந்தது. 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதைத் திரும்பச் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய தென்படவே இல்லை. ஆகவே "இன்றைக்கு என் மன உறுதி தீர்ந்துவிட்டது" என்ற சாக்கை அவ்வளவு எளிதில் ஏற்காதீர்கள்.

அதே சமயம், பல்லைக் கடித்துக்கொண்டு சபலத்தோடு போராடுகிறவர்கள்தான் ஜெயிக்கிறார்கள் என்பதும் இல்லை. சபலம் குறைவாக எதிர்ப்படும்படி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களே இலக்கை அதிகம் எட்டுகிறார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்காமல் இருக்க முயல்வதைவிட, அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு வருவது சுலபம்.

வேலை முடிஞ்சு வந்தா நேரமே இல்ல. இதுல எங்கே போய் பெரிய இலக்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆண்டனி ட்ரோலப் என்ற நாவலாசிரியர் இருந்தார். பல வருடம் அஞ்சல் துறையில் முழுநேர அதிகாரி. காலை 5.30-க்கு எழுத உட்கார்ந்து, அலுவலகத்துக்குப் புறப்படும் முன் மூன்று மணி நேரம் வேலை செய்வார். தன்னை எழுப்பிக் காபி கொண்டு வருவதற்கென்றே ஒரு முதிய பணியாளருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள். வாராவாரம் எத்தனை பக்கம் என்று ஒரு குறிப்பேட்டில் பதிந்து வந்தார். மொத்தம் 47 நாவல்கள். எனக்கு இதில் பிடித்தது அந்த எண்ணிக்கையைவிட அந்தக் காபிதான். தன் மனசை மட்டும் நம்பாமல், தன்னை எழுப்ப ஓர் ஏற்பாட்டைக் காசு கொடுத்துச் செய்துகொண்டார்.

எல்லோருக்கும் மூன்று மணி நேரம் வாய்க்காது. எழுப்பிவிட ஆளும் இருக்காது. அரை மணி நேரம் இருந்தால் போதும், ஆனால் அது எந்த அரை மணி நேரம் என்பது முடிவாகியிருக்க வேண்டும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று நேரத்தையும் இடத்தையும் முடிச்சுப் போட்டு வைத்தவர்கள், வெறுமனே செய்ய நினைத்தவர்களைவிடத் தெளிவாக முன்னால் நின்றார்கள். "இரவு பாத்திரம் கழுவி முடித்ததும், கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து இரண்டு கணக்கு போடுவேன்" என்பது போல.

கைக்குழந்தையோ, படுக்கையில் இருக்கும் பெரியவரோ வீட்டில் இருந்தால் அந்த அரை மணியும் உங்கள் கையில் இருக்காது. அப்போது இலக்கைச் சுருக்காதீர்கள், தேதியைத் தள்ளி வையுங்கள். ஐந்து வருடத் திட்டம் எட்டு வருடமாகட்டும்.

எல்லார்கிட்டயும் சொல்லிட்டா வெட்கத்துக்காகவாவது செய்வோம்ல? இல்ல ரகசியமா வைக்கணுமா?

இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது, அதனால்தான் குழப்பம். கோல்விட்ஸரும் உடன் பணியாற்றியவர்களும் 2009-இல் வெளியிட்ட சோதனைகளில், சட்டம் படிக்கும் மாணவர்களும் இருந்தார்கள். நல்ல வழக்கறிஞராக வேண்டும் என்ற தங்கள் எண்ணத்தை வேறொருவர் அறிந்துகொண்டார் என்றானதும், அவர்கள் அதற்கான பயிற்சியில் குறைவான நேரமே செலவிட்டார்கள். சொன்னதும் பாதி ஆகிவிட்ட மாதிரி ஒரு நிறைவு வந்துவிடுகிறது. மறுபக்கம், மூன்றாவது பதிலில் சொன்ன 2016 கட்டுரையில், முன்னேற்றத்தை மற்றவர்களுக்குத் தெரிவித்தவர்களுக்குப் பலன் கூடியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தெரிகிறது: "இப்படி ஆகப்போகிறேன்" என்பதைச் சொல்ல வேண்டாம், "இந்த வாரம் இதைச் செய்தேன்" என்பதைச் சொல்லுங்கள்.

கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸ், பல நூற்றாண்டுகளாக யாராலும் நிரூபிக்க முடியாமல் இருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தைப் பத்து வயதில் ஒரு நூலகப் புத்தகத்தில் பார்த்தார். 1986-இல் அதை நிரூபிக்க உட்கார்ந்தவர், ஏழு வருடம் ஏறக்குறைய யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும். கடைசிக் கட்டத்தில் சரிபார்க்க நிக் காட்ஸ் என்ற சக கணிதரிடம் சொன்னார். 1993 ஜூனில் அறிவித்த பிறகு ஓர் ஓட்டை வெளிப்பட்டது. இப்போது உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994 செப்டம்பரில் அதை அடைத்தார். அவர் தேர்ந்தெடுத்த ஆட்களைக் கவனியுங்கள்: வேலையைப் பார்த்து "இந்த வரி எப்படி வந்தது?" என்று கேட்கக்கூடியவர்கள். அப்படி ஒருவர் உங்களுக்குக் கிடைத்தால் அவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

வெற்றியை மனக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்களே?

கேப்ரியல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தொட்டது. எடை குறைக்க முயன்ற பெண்களில், தங்களால் முடியும் என்று நம்பியவர்கள் அதிகம் குறைத்தார்கள். ஆனால் மெலிந்த பிறகு எப்படியெல்லாம் இருக்கும் என்று இனிமையாகக் கனவு கண்டவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். நம்பிக்கை வேறு, பகற்கனவு வேறு. கனவிலேயே அனுபவித்து முடித்த மனசுக்குப் பிறகு வேலை செய்ய வேகம் இருப்பதில்லை.

கனவே காணக் கூடாது என்பதில்லை. கண்ட கையோடு, எது குறுக்கே வரும் என்பதையும் பாருங்கள். வரப்போகும் தடையைப் பெயர் சொல்லிக் குறித்து, அது வந்தால் என்ன செய்வது என்று மேலே சொன்ன முடிச்சைப் போட்டு வையுங்கள்.

திட்டம் போட்டா எப்பவும் தேதி தள்ளிப்போகுது. நான் சோம்பேறியா?

இல்லை. இது எல்லோருக்கும் நடப்பது. டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயரிட்டார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரி கணிப்பு 34 நாள். எல்லாமே தவறாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டார்கள்: 49 நாள் என்றார்கள். உண்மையில் சராசரியாக 55 நாளுக்கு மேல் ஆனது. அவர்கள் கற்பனை செய்த மிக மோசமான நிலைமையைவிட நிஜம் தாமதமாக வந்தது.

உங்கள் திட்டத்தை உள்ளிருந்து பார்த்தால் எல்லாம் சரளமாகத்தான் தெரியும். இதே வேலையைச் செய்த மற்றவர்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று விசாரித்து, அதையே உங்கள் கணிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குச் சீக்கிரம் முடியும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அந்த மாணவர்களுக்கும் சொன்னது.

பாதி வந்துட்டேன். திரும்பவும் முடியல, போகவும் பிடிக்கல.

பாதிக் கிணறு தாண்டிய நிலை. முடிவு நெருங்க நெருங்க வேகம் கூடும் என்பதை கிளார்க் ஹல் 1932-இலேயே, சிக்கல் பாதையில் ஓடும் எலிகளை வைத்து விளக்கினார். தொடக்கத்திலும் ஒரு வேகம் இருக்கும், அதைத்தான் ஆரம்ப சூரத்தனம் என்கிறோம். நடுவில் இரண்டும் இல்லை. முதலில், எவ்வளவு தூரம் வந்தோம் என்று பார்க்கிறோம். அப்போது ஒவ்வோர் அடியும் பெரிதாகத் தெரியும். கடைசியில், எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறோம். அப்போதும் ஒவ்வோர் அடியும் பெரிது. நடுவில் எந்தப் பக்கம் பார்த்தாலும் அன்றைய வேலை கடுகாகத் தெரிகிறது. வேலை வீணாகிவிட்டதால் வரும் சலிப்பு இல்லை இது, நிற்கும் இடம் தரும் சலிப்பு.

அதனால் நடுப்பகுதியை வெட்டுங்கள். 300 பக்க ஆய்வேடு என்ற நினைப்பையே சில மாதம் மறந்துவிட்டு, "மூன்றாம் இயலின் இரண்டாம் பகுதி" என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று ஒரு தொடக்கம், ஒரு முடிவு, காட்டுவதற்கு ஓர் ஆள். நடு என்பதே மிகச் சிறிதாகிவிடும்.

எனக்கு நானே பரிசு கொடுத்துக்கலாமா?

பிடிக்காத வேலைக்குக் கொடுங்கள். பிடித்த வேலைக்கு யோசித்துக் கொடுங்கள். 1973-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற சோதனையில், படம் வரைவதை விரும்பிய சிறு குழந்தைகளுக்கு வரைந்தால் சான்றிதழ் தருவதாகச் சொல்லித் தந்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகளுக்கு வரைவதில் ஆர்வம் குறைந்தது. முன்கூட்டிச் சொல்லாமல், வரைந்த பிறகு பரிசு பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை.

ஒரே சமயத்துல எத்தனை இலக்கு வச்சுக்கலாம்?

பெரியது ஒன்று. அகலக்கால் வைத்தவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றிலும் மேலே சொன்ன நடுப்பகுதியிலேயே நிற்கிறார்கள்.

எனக்கு வயசாயிடுச்சு. கூடப் படிச்சவங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்க.

சில இலக்குகளுக்கு உண்மையிலேயே வயது வரம்பு உண்டு: சில தேர்வுகள், சில விளையாட்டுகள். அவற்றைப் பற்றிப் பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் வரம்பு எங்கே எழுதியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் எங்கேயும் எழுதியிருக்காது.

கணிதம் இளைஞர்களின் துறை என்று சொல்வார்கள். யீடாங் ஜாங் 1955-இல் பிறந்தவர், 1991-இல் முனைவர் பட்டம் பெற்றவர். அதன் பிறகு பல வருடம் பல்கலைக்கழக வேலை கிடைக்காமல், ஓர் உணவகத்தில் கணக்கு எழுதுவது உட்படக் கிடைத்த வேலைகளைச் செய்தார். 2013-இல், ஒரு பல்கலைக்கழகத்தில் சாதாரண விரிவுரையாளராக இருந்தபோது, பகா எண்களின் இடைவெளி பற்றிய அவருடைய நிரூபணம் வெளிவந்தது: 7 கோடிக்கும் குறைவான இடைவெளியில் அமைந்த பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு. ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருந்தார். அவரோடு படித்தவர்களில் பலர் அதற்கு வெகுகாலம் முன்பே பேராசிரியர்களாகியிருப்பார்கள். அதற்கும் அந்த நிரூபணத்துக்கும் சம்பந்தமில்லை.

விடாம முயற்சி பண்ணா ஜெயிக்கலாம்னு சொல்றாங்க. அப்போ எதையும் விடவே கூடாதா?

விடாமல் முயன்று ஜெயித்தவர்களின் கதைதான் நமக்கு வந்து சேர்கிறது. விடாமல் முயன்று தோற்றவர்களை யாரும் மேடையேற்றுவதில்லை. மேலே நான் சொன்ன கதைகளுக்கும் இது பொருந்தும். ட்ரோலப் போல அதிகாலையில் எழுந்து எழுதியும் யாரும் படிக்காமல் போனவர்கள் இருந்திருப்பார்கள். ஆகவே விடாமுயற்சி வாய்ப்பைக் கூட்டும் என்பது வரைதான் சொல்லலாம். உத்தரவாதம் என்று சொன்னால் அது ஏமாற்று.

கேட்டலின் கரிக்கோ என்ற உயிர்வேதியியலாளரின் கதையைப் பலரும் விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறான எம்ஆர்என்ஏ பற்றிய ஆராய்ச்சிக்கு நிதி கிடைக்காமல் 1995-இல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். 2023-இல் நோபல் பரிசு பெற்றார். நடுவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். உடம்புக்குள் செலுத்திய எம்ஆர்என்ஏவை நோய் எதிர்ப்பு மண்டலம் தாக்கிக்கொண்டிருந்தது. அதே சுவரில் அவர் மோதிக்கொண்டே இருக்கவில்லை. ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து, எம்ஆர்என்ஏவின் கட்டுமானக் கூறுகளில் ஒன்றை மாற்றி அமைத்தால் அந்தத் தாக்குதல் அடங்கும் என்று 2005-இல் காட்டினார். இலக்கு அதே, வழி வேறு. நீங்கள் விட நினைப்பது இலக்கையா, வழியையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நிறையப் பேர் வழியை விட வேண்டிய இடத்தில் இலக்கை விட்டுவிடுகிறார்கள்.

சரி, இலக்கையே விட வேண்டிய நேரம் எது?

"இவ்வளவு வருடம் போட்டாச்சே" என்பது மட்டும்தான் தொடரக் காரணம் என்றால் விடலாம். போன வருடங்கள் தொடர்ந்தாலும் திரும்ப வராது, விட்டாலும் வராது. இன்று புதிதாக, இப்போது தெரிந்ததெல்லாம் தெரிந்த நிலையில், இதைத் தொடங்குவீர்களா? மாட்டேன் என்ற பதில் பல மாதங்களாக மாறாமல் வந்தால் அதை மதியுங்கள். எட்ட முடியாததை விட்டு வேறொன்றில் இறங்கத் தெரிந்தவர்கள் மனநிறைவோடு இருப்பதைக் காட்டும் ஆய்வுகளும் உண்டு. வெறுமனே விட்டுவிட்டு நிற்பதைவிட, வேறொன்றைப் பிடித்துக்கொள்வது முக்கியம்.

இந்த முடிவை மோசமான நாளில் எடுக்காதீர்கள். தெளிவாக இருக்கும்போதே நிபந்தனையை எழுதி வையுங்கள்: "இந்தத் தேதிக்குள் இது நடக்கவில்லை என்றால், இன்னாரிடம் பேசிவிட்டு நிறுத்துவேன்." அந்தத் தேதி வரை தினமும் விடலாமா என்று யோசித்துக் களைத்துப்போக வேண்டியதில்லை.

இது சோம்பலா, சோர்வா, வேற ஏதாவதா?

நல்ல தூக்கமும் சில நாள் ஓய்வும் கிடைத்ததும் திரும்பச் செய்யத் தோன்றினால் அது வெறும் களைப்பு. ஓய்வும் வேலையின் பகுதிதான். 1993-இல் வெளியான ஆண்டர்ஸ் எரிக்சனின் ஆய்வில், மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பயிற்சி செய்தார்கள், அதிகம் தூங்கவும் செய்தார்கள், பகல் தூக்கம் உட்பட. பயிற்சிக் கணக்கை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் தூக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே மனசு ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் மாறிப்போயின, தன்னைப் பற்றியே வெறுப்பு வருகிறது என்றால் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் இந்தப் பக்கத்தில் உள்ள எந்த யோசனையையும் முயல வேண்டாம். முதலில் உடம்பும் மனசும் சரியாகட்டும்.

என் இலக்குக்காக வீட்டில் இருப்பவர்கள் விலை கொடுக்கிறார்களோ என்று உறுத்துகிறது.

கொடுக்கிறார்கள். நீங்கள் மேசையில் உட்காரும் அரை மணி நேரம் குழந்தையை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அதை மறைக்காமல் பேசுவதுதான் முதல் வேலை. "நிறையப் படிக்கணும், கொஞ்சம் ஒத்துழைங்க" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் வீடு முழுக்க எந்நேரமும் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். "திங்கள், புதன், வெள்ளி இரவு 9 முதல் 10 வரை என்னைக் கூப்பிடாதீர்கள், மற்ற நேரம் நான் உங்களோடு" என்று கேட்டால் அவர்களுக்கும் எல்லை தெரியும், உங்களுக்கும் தெரியும். மற்ற நேரம் என்று சொன்னால் அந்த நேரத்தில் மனசையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

அப்புறம், அவர்களுக்கும் ஓர் இலக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பல வீடுகளில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதே இல்லை. செவ்வாய், வியாழன், சனி இரவு 9 முதல் 10 வரை அவர்களுடையதாக இருக்கட்டும், அப்போது குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.